பச்சைத் தண்ணி கூடக் குடிக்காத அக்காவுக்கு

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது விசாரித்தால், "அந்த மனுஷனோட குடும்பம் நடத்தத் தனிப் பொறுமை வேணும்" என்றுதான் ஆரம்பிப்பேன். கேட்கிறவர்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, குடிப்பாரா, கை நீட்டுவாரா என்பார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. அவர் உண்டு, அவர் வேலை உண்டு. கோபம் என்பதே வராது. வந்தால்தானே நானும் திருப்பிக் கத்தலாம்? எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு "ம்" போடுவார். அந்த "ம்" சம்மதமா, மறுப்பா, தூக்கமா என்று நான் கண்டுபிடிப்பதற்குள் சண்டை ஆறிப்போய்விடும். இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

பெயிண்டுக் கடையில் நிறம் கலக்குகிறவர் அவர். சேர்ந்தது என்னவோ டின் தூக்கும் வேலைக்கு. ஒரு நாள் ஓர் அம்மாள் உடைந்த கோப்பைத் துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, இதே நீலத்தில் படுக்கையறைச் சுவர் வேண்டும் என்று நின்றாராம். அப்போது கலக்கிக்கொண்டிருந்தவர் நான்கு தடவை முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். பக்கத்தில் டின் அடுக்கிக்கொண்டிருந்த இவர், "அதுல கொஞ்சம் கறுப்பு விட்டுப் பாருங்களேன்" என்றார். நீலத்துக்குக் கறுப்பா என்று கடையே சிரித்தது. மூன்று சொட்டு விட்டுக் கலக்கி, கோப்பைத் துண்டின் மேல் தடவினால், எது கோப்பை, எது பெயிண்ட் என்று தெரியவில்லை. அன்றைக்கு நிறம் கலக்கும் மேடைக்குப் பின்னால் போய் நின்றவர்தான். இருபத்தாறு வருடம் ஆகிறது. இப்போது மெஷின் வந்துவிட்டது, பொத்தானை அமுக்கினால் அளவாகச் சாயம் விழும். விழுந்த பிறகும் இவர் குனிந்து பார்த்து, கையால் இரண்டு சொட்டு விடாமல் மூடியைப் போட மாட்டார். கடையில் அவரைச் சொட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த வேலை உடம்பில் ஊறிப்போனதில் எனக்கு இரண்டு தொந்தரவு. முதலாவது, எதையும் குலுக்காமல் திறக்க மாட்டார். கடையில் வாடிக்கையாளர் வந்து ஏதாவது கேட்டால், ஒரு டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கிக்கொண்டே பதில் சொல்லுவார். அது வீட்டுக்கும் வந்துவிட்டது. பால், எண்ணெய், இருமல் மருந்து, எது கையில் இருந்தாலும் சரி, நாம் ஒரு கேள்வி கேட்டால் போதும், அது குலுங்க ஆரம்பித்துவிடும். அடுத்தது, ஈரமாக இருக்கும்போது எதைப் பற்றியும் வாயைத் திறக்க மாட்டார். "காயட்டும், அப்புறம் சொல்றேன்" என்பார். பெயிண்டைத்தான் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நன்றாயிருக்கிறதா என்று கேட்டாலும், பதில் அடுத்த வாரம்தான் வரும்.

எனக்கும் என் அக்காவுக்கும் பேச்சு முறிந்தது பெயிண்டால். இல்லை, பெயிண்டின் மேல் பழி போடக்கூடாது. என் வாயால்தான்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் எனக்குத் தலை வாரி, பாடம் சொல்லிக்கொடுத்து, நாலு அடியும் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். அவள் வீட்டுக்காரர் திடீரென்று நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். மகன் கடல் தாண்டி இருக்கிறான். எட்டு மாதம் இருட்டு வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஹாலுக்காவது வெளிச்சமாக ஒரு நிறம் அடிக்கலாம் என்று ஒரு நாள் இவர் கடைக்கு வந்தாள். வெள்ளையில் லேசாக ரோஜா தொட்ட நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். "வீட்டுல ஒரு மூலையில அடிச்சு, ரெண்டு நாள் காய விட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கக்கா" என்று இவர் சொல்லியிருக்கிறார். "எனக்குத் தெரியாதா?" என்றுவிட்டாள் அக்கா. டீச்சர் அல்லவா.

சுவரை அடித்த அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவரோடு கடையில் வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கும் காபி கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, அத்தனை பேர் முன்னால், "உன் புருஷனுக்குக் கலர் தெரியுமாடி? என் ஹாலை ஆஸ்பத்திரி ஆக்கிட்டாரு" என்றாள். இவர் "ம்" என்றார். எனக்குத் தலைக்கு ஏறியது. "உன் வீட்டுச் சுவரை யாரு வந்து பாக்கப்போறாங்க? நீ ஒருத்திதானே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டேன்.

வாயை விட்டு வெளியே வந்த அந்த நொடியே, என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா முகம் பேயறைந்த மாதிரி ஆனது. காபியைக் கீழே வைத்தாள். "இனிமே இந்த வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. என் புருஷனைப் பேசிவிட்டாளே என்ற வீம்பு.

வீம்பு நான்கு வருடம் ஓடியது. போனில் பேசுவோம், கரண்ட் ஆபீஸில் பேசுகிற மாதிரி. நடுவில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். ஒரு தடவை எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, இன்னொரு தடவை அம்மாவின் பத்திரம் ஒன்றில் என் கையெழுத்து வாங்க. இரண்டு தடவையும் கைப்பையில் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாள். என் ஹாலில், என் நாற்காலியில், என் கண் முன்னால் உட்கார்ந்து தன் பாட்டில் தண்ணீரைக் குடித்து, மூடியை இறுக்கித் திருகிவிட்டுப் போனாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவள் போன பிறகு நான் பாத்திரங்களைப் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்தாள். மகன் நிரந்தரமாகத் தன்னோடு வந்துவிடச் சொல்லிவிட்டான், அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை விமானம், வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கட்டும். "வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வரேன். பத்து நிமிஷம்தான் இருப்பேன். ஒண்ணும் பண்ணி வைக்காத."

வைத்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறுபது வயதைத் தாண்டியவள் கடல் தாண்டிப் போகிறாள். இனி எப்போது பார்ப்போமோ. இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே போய்விடுவாளோ என்று நினைத்ததும் அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இரண்டையும் அவர் மேல்தான் கொட்டினேன். "எல்லாம் உங்களாலதான்! அன்னிக்கே வாயைத் திறந்து, நீங்க எடுத்த கலர்தான்கான்னு சொல்லியிருந்தா ஆச்சு!"

"ம்" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், துண்டால் துடைத்துக்கொண்டே, "அக்கா அவங்க பையன் கல்யாணத்துல என்னமோ குடிச்சாங்களே, பூ வாசம் வரும்னு" என்றார்.

எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் கடல் தாண்டி நடந்த அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ஒரு மாதம் அதே பேச்சுத்தான். உயரமான கிளாஸாம், உள்ளே மெல்லிசாக நுரை ஏறிக்கொண்டே இருக்குமாம், ஒயினில் ஏதோ பூவின் பாகை விட்டுத் தருவார்களாம். "தொண்டைக்குள்ள பூப் பூத்த மாதிரி இருந்துச்சுடி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அதுவரை அதன் வாடையே அறியாதவள், இரண்டு கிளாஸ் குடித்தாளாம்.

"அதைச் செஞ்சு குடுப்போம்" என்றார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? தண்ணியே தொடாதவ இதைத் தொடுவாளா?"

"தொடாட்டிப் பரவால்ல. அவங்களுக்குப் பிடிச்சது எதுன்னு நமக்கு ஞாபகம் இருக்குன்னு தெரியட்டும்."

அந்த வருடத்திலேயே அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

திங்கட்கிழமை கடை விட்டு வரும்போது மூன்று பாட்டில் நுரைக்கும் ஒயினோடு வந்தார். ஒன்று கற்றுக்கொள்ள, ஒன்று கெடுக்க, ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு. இனிப்பில்லாத வகையாக வாங்குங்கள், இனிப்பை நீங்கள் சேர்க்கப்போகிறீர்கள் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா குடித்தது அந்த ஊர்ப் பூ, என்ன பூவோ, இங்கே கிடைக்காது. ரோஜா போதும் என்று முடிவு செய்தோம். மறுநாள் பூக்கடையிலிருந்து ஒரு கட்டு ரோஜா வாங்கிவந்தார். மூக்கருகே கொண்டுபோனேன். பூச்சி மருந்து வாடை குப்பென்று அடித்தது.

"இது ஜாடியில வைக்கிற ரோஜாங்க. வயித்துல வைக்க முடியாது. என் அக்காவை ஊருக்கு அனுப்பணும், மேல அனுப்பக்கூடாது" என்றேன்.

மாடிவீட்டு அம்மாளிடம் போய்க் கெஞ்சினேன். தொட்டியில் வளர்க்கிறார், மருந்து கிருந்து எதுவும் தெளிப்பதில்லை. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கத்தரிக்கோலோடு வந்து பன்னிரண்டு பூ வெட்டிக்கொடுத்தார். "எனக்கு ஒரு கிளாஸ் வரணும், சொல்லிட்டேன்" என்றார்.

முதல் பாகை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நாசமாக்கினோம். சர்க்கரைத் தண்ணீரில் இதழ்களைப் போட்டுக் கொதிக்கவிட்டோம். பத்து நிமிடத்தில் சமையலறையில் வெந்த கீரை வாடை. நிறம் பாத்திரம் கழுவிய தண்ணீர். நான் கொட்டப்போனேன். "இரு, இரு" என்று தடுத்தார். கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை அட்டை ஒன்றில் விரலால் ஒரு கோடு இழுத்து, ஜன்னல் ஓரத்தில் ஒட்டிவைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"காயட்டும். அப்புறம் சொல்றேன்."

"இது குடிக்கிறதுங்க! சுவத்துல அடிக்கிறதா?"

காலையில் எழுந்து பார்த்தால் அட்டையைக் காணோம். இருந்தது, எறும்பு மூடிக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து சர்க்கரை டப்பாவரை வரிசை போட்டிருந்தன. அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் அசடு வழிய நின்றுகொண்டு, "ஆனா கலர் மட்டமாத்தான் காஞ்சிருக்கு, நீ கொட்டப்போனது சரிதான்" என்றார்.

இரண்டாவது தடவை, மிச்சம் வைத்திருந்த பூக்களில் நிதானமாகச் செய்தோம். இதழின் அடியில் இருக்கும் வெள்ளை நுனி கசக்கும், அதை ஒவ்வோர் இதழாக வெட்டி எடுத்தோம். சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கொதித்து, அடுப்பை அணைத்து, விரல் வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் இதழ்களைப் போட்டோம். தட்டைப் போட்டு மூடி, மறுநாள் மாலைவரை தொடவில்லை. திறந்தபோது எழுந்த வாசனை இருக்கிறதே! நான் அப்படியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் நிறம் சாம்பல் பூத்துக் கிடந்தது. இவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மூடி எலுமிச்சையை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். நான்காவது சொட்டிலேயே சாம்பல் நிறம் கலைந்து இளஞ்சிவப்பு எழுந்தது. ஏழாவதில் பாத்திரம் முழுக்கப் பூ நிறம்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் நிறம் கலக்கிய மனுஷன், முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட உங்க முகம் இப்படி இல்ல" என்றேன்.

"அன்னிக்கு நீ காயல" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

சனிக்கிழமை மாலை ஒத்திகை. பாட்டிலைத் திறந்தது நான். தக்கை மேல் துண்டைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் மெதுவாகத் திருப்பினால், புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அவர் மருந்துக்கடைச் சொட்டுக்குழாயும் தேக்கரண்டியுமாக நின்றார். மூன்று கரண்டிப் பாகு விட்டால் குளியல் சோப்பு. ஒரு கரண்டி விட்டால் பூ எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒன்றரைக் கரண்டியில் நின்றது. பாகு முதலில், பிறகு சில்லென்ற ஒயின், கிளாஸைச் சாய்த்து ஓரமாக வழியவிட வேண்டும், கரண்டி போட்டுக் கலக்கக்கூடாது. கடையில் எழுதிவைக்கிற மாதிரியே சீட்டில் எழுதிக்கொண்டார். அடிநிறம் ஒயின். சாயம் ரோஜாப் பாகு, ஒன்றரைக் கரண்டி.

சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு கிளாஸ் குடித்தோம். மாடிவீட்டு அம்மாளுக்கும் ஒன்று போனது. நாக்கில் பட்டதும் குறுகுறுவென்று நுரை, அது அடங்கும்போது மூக்கின் பின்னாலிருந்து ரோஜா வந்தது. எனக்குத் தலை லேசாக ஆடியது. வெயில் சாய்ந்து மேஜை மேல் கிடந்தது. வேறு ஒன்றும் வேண்டாம் போல இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னால அக்கா பேசினப்ப உங்களுக்குக் கோபமே வரலியா?"

"சுவரு காயலியே. அதுக்கு முன்னால யாரு என்ன சொன்னாலும் நான் மனசுல வச்சுக்கறதில்ல."

"அப்ப நான் சொன்னது?"

கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சுவரைப் பத்திச் சொல்லலியே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போன இனிப்பெல்லாம் போய்விட்டது. எழுந்து கிளாஸ்களைக் கழுவினேன். சத்தமாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்று அடிக்கும்போது அக்கா வந்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை, மூக்குக்கண்ணாடி, தோளில் கைப்பை. பையிலிருந்து பாட்டிலின் மூடி எட்டிப்பார்த்தது. உட்கார்ந்தாள். சாவியை மேஜை மேல் வைத்தாள். மீட்டர் எங்கே, எந்தக் குழாய் ஒழுகும், எந்த ஜன்னல் இறுகும் என்று பாடம் நடத்தினாள். நான் தலையாட்டினேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எழுந்து போக முடியாது. அதனால் பாட்டிலை அவரே கொண்டுவரும்படி ஆனது.

தட்டில் மூன்று கிளாஸ், அடியில் பாகு, கையில் பாட்டில், தோளில் துண்டு. வந்தார். தட்டை மேஜையில் வைத்தார். தக்கையைக் கட்டியிருந்த கம்பியைக் கழற்றினார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். அப்போது பார்த்து அக்கா, நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்து, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு? கடையில வேலை ரொம்ப இருக்கா?" என்று கேட்டாள்.

ஒரு கேள்வியை யாராவது கேட்டால் அவர் கை என்ன செய்யும் என்று சொன்னேன் அல்லவா?

"நல்லா இருக்கேன்கா, வேலை பரவால்ல, மெஷின் வந்ததுலேருந்து..." என்று சொல்லிக்கொண்டே, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாக, தாராளமாக, ஐந்து லிட்டர் டின்னைக் குலுக்குகிற மாதிரி குலுக்கினார். "ஐயையோ, என்னங்க!" என்று நான் எழுந்ததுதான் தெரியும். டமார்! தக்கை கூரையில் பட்டு அலமாரி மேல் விழுந்தது. நுரை பீறிட்டு அக்காவின் தலை, கண்ணாடி, வெள்ளைப் புடவை என்று ஒன்று பாக்கியில்லாமல் நனைத்தது. அவர் பதறிப்போய்க் கட்டை விரலால் வாயை அடைத்தார். அடைத்ததும் அது இரண்டாகப் பிரிந்து பாதி என்மேல் அடித்தது.

அக்காவின் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வெளிறிப்போய், "அக்கா, மன்னிச்சுக்கங்க... கை... பழக்கம்..." என்றார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே வராமல். "விடுங்க மாப்பிள்ளை, விடுங்க. துண்டைக் குடுங்க" என்றாள். மாப்பிள்ளை என்ற சொல் நான்கு வருடம் கழித்து அவள் வாயில் வந்ததைக் கேட்டு, அவர் துண்டைக் கொடுக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். நான்தான் பிடுங்கிக் கொடுத்தேன்.

பாட்டிலில் மிஞ்சியது ஒரு கிளாஸுக்குத்தான் கண்டது. கிளாஸைச் சாய்த்து ஓரமாக வழியவிட்டு, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். சிரிப்பு நின்றது. அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டாள்.

போச்சு என்று நினைத்தேன்.

"இதை நானும் அவரும் சேந்து குடிச்சோம்" என்றாள். "ரெண்டாவது கிளாஸ் வேணாம்னு நான் சொன்னேன். நம்ம பையன் கல்யாணம்தானே, குடின்னு அவர்தான் கையில குடுத்தாரு."

இவர் மெதுவாக, "அந்தச் சுவர் விஷயத்துல, நான் உங்க வீட்டு வெளிச்சத்துல காட்டியிருக்கணும்கா. தப்பு என்னுதுதான்" என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்புக்கு இவர் எதற்கு?

"உங்க தப்பு என்ன இருக்கு? நாலாம் நாளே காஞ்சு, நான் கேட்ட கலர் அப்படியே வந்துடுச்சு. சாயங்கால வெயில் பட்டா அவ்வளவு நல்லா இருக்கும். இன்னிக்கு வரைக்கும் வேற அடிக்கல."

"அப்படின்னா ஏன்கா ஒரு வார்த்தை சொல்லல?" என்று நான் பாய்ந்தேன். "இந்த மனுஷன் நாலு வருஷமா..."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தினமும் சாயங்காலம் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நீ சொன்ன மாதிரியே, நான் ஒருத்தி மட்டும்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்தேன், எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈரத் தரை.

"அக்கா, நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. வாயிலேருந்து வந்தப்பவே தெரியும். உன் பின்னால ஓடி வந்திருக்கணும். வீம்புல நின்னுட்டேன். உன்னை அப்படித் தனியா உக்கார வச்சுட்டு நான் இங்க பாத்திரத்தை உருட்டிக்கிட்டு இருந்தேன். தப்புக்கா. ரொம்பப் பெரிய தப்பு."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அக்கா என் தலையில் ஒட்டியிருந்த நுரையை விரலால் வழித்து எறிந்தாள்.

"இதைச் சொல்ல நாலு வருஷமாடி உனக்கு?"

"நீ பாட்டில்ல தண்ணி கொண்டாந்து முன்னால உக்காந்து குடிச்சா, எனக்கு எப்படிச் சொல்ல வரும்?"

"ரெண்டு தடவையும் நீ சொல்லுவேன்னுதான்டி வந்தேன். கையெழுத்தைத் தபால்ல வாங்க முடியாதா எனக்கு? சாவியை உன் மாடிவீட்டுல குடுத்துட்டுப் போகத் தெரியாதா?"

நான் விம்மி விம்மி அழுதேன். வெட்கமென்ன, அழுதேன். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் தக்கையைத் தேடி அலமாரி மேல் ஏறிக்கொண்டிருந்தார். அக்கா கிளாஸை எடுத்தாள். நுரை அடங்கியிருந்தது. ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய். நிறுத்தாமல் முழுக்கக் குடித்து முடித்தாள்.

"எப்படிக்கா இருக்கு?" அலமாரிப் பக்கமிருந்து அவர் கேட்டார்.

"அங்க குடிச்சது வேற பூ. இது நல்லா இருக்கு மாப்பிள்ளை. ரொம்ப நல்லா இருக்கு." உதட்டைத் துடைத்தாள். "ஆனா இனிப்பு தொண்டையிலேயே நிக்குது. போடி, தண்ணி கொண்டா."

அவளுடைய பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் பையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எடுக்கவில்லை.

சமையலறைக்கு ஓடினேன். டம்ளரைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். விளிம்புவரை நிரப்பி, வழியில் பாதி சிந்தியபடி கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். கடைசிச் சொட்டு இறங்கும்வரை நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி வாயைப் பாக்கறே?" என்று டம்ளரை நீட்டினாள். "இன்னொன்னு கொண்டா."